மொழுக்கன் கரையேறாத கதை

அந்தக் காலத்தில் தண்ணீருக்குக் காது கேட்கும். வாயும் உண்டு. மீனும் தவளையும் ஆமையும் நண்டும் ஒரே பேச்சுதான் பேசின. ஓடையும் அதே பேச்சில் பதில் சொல்லும்.

நம் ஊர் ஓடையைச் சொல்லவில்லை. கடல் தாண்டி, குளிர்நாட்டு மலைக்குள்ளே ஓடுகிற ஓடை. கால் வைத்தால் சில்லென்று எலும்பு வரைக்கும் ஏறும். அடியில் பலகை பலகையாகத் தட்டைப் பாறைகள், கரையில் வானம் முட்டுகிற மரங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்த மரங்களின் இலையெல்லாம் சிவந்து உதிரும்.

அந்த ஓடையில் மொழுக்கன் என்று ஒருவன் இருந்தான். முழங்கை நீளம் உடம்பு, மேலே அம்மி ஏறி இறங்கின மாதிரி தட்டைத் தலை, நாலு குட்டைக் கால், துடுப்பு மாதிரி வால். பல்லிக்கும் கெளுத்தி மீனுக்கும் சம்பந்தம் பண்ணினால் எப்படி ஒரு பிள்ளை பிறக்கும், அப்படி இருப்பான். மேனியில் மட்டும் ஒரு சுருக்கம் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின குழந்தை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகச் செவுள், கோழிக்கொண்டைப் பூவைக் கொத்தாகச் செருகினது போல. அப்போது ஓடையில் கால் முளைத்த எல்லோருக்கும் அப்படித்தான் வெளியே செவுள் இருந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சாலமண்டர் என்று படம் போடுகிறார்களே, அந்த வம்சத்துக்கு மூத்தவன் இவன்.

ஓடையம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்லவள்தான். யாரையும் பட்டினி போட்டதில்லை. ஆனால் அவளுக்கு வேடிக்கைப் பேச்சு தெரியாது, கோபத்தில் சொன்னது, பேச்சுக்குச் சொன்னது என்கிற வித்தியாசமும் தெரியாது. தண்ணீருக்குள் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அது வந்ததுதான்.

ஆமை கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருநாள் விருந்துக்குத் தாமதமாக வந்த ஆமையை, "ஏன்யா இவ்வளவு நேரம்?" என்று யாரோ கேட்டார்கள். ஆமை சிடுசிடுப்பாக, "வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாமா? வீட்டை முதுகுலயா தூக்கிட்டு வர முடியும்?" என்றது.

"முடியும்" என்றாள் ஓடையம்மா.

மறுநாள் விடிந்து பார்த்தால் ஆமை முதுகில் வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுதும் பார்த்தது, உருண்டும் பார்த்தது. போகவில்லை. அதிலிருந்து ஓடையில் குஞ்சு பொரித்த எந்தத் தாயும் பிள்ளைக்கு முதலில் நீந்தக் கற்றுக்கொடுக்க மாட்டாள். "தண்ணிக்குள்ள பார்த்துப் பேசு" என்றுதான் கற்றுக்கொடுப்பாள். மொழுக்கனுக்கும் அவன் அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள்.

ஒரு வருஷம் ஓடையில் கூட்டம் தாங்கவில்லை. திரும்பினால் வால் இடிக்கிறது, படுத்தால் யாரோ மேலே படுக்கிறார்கள். ஓடையம்மா எல்லோரையும் கூப்பிட்டாள்.

"கால் இருக்கறவங்க எல்லாம் கரைக்குப் போய்ப் பிழைச்சுக்குங்க. இலை உதிர்ற நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் கரை திறந்திருக்கும். போறவங்க செவுளைக் கொடுத்துட்டு, மூச்சுப்பையும் கரைத்தோலும் வாங்கிக்கணும். அன்னைக்கு விட்டா ரெண்டு வருஷம் கழிச்சு அதே நாள்லதான் மறுபடி திறப்பேன். அதுக்கப்புறம் திறக்கவே மாட்டேன்."

கரையைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். அங்கே வெயில் என்று ஒன்று இருக்கிறதாம், முதுகில் பட்டால் சுகமாம். புழுக்கள் ஓடக்கூட ஓடாதாம், அப்படியே கிடக்குமாம். மொழுக்கனுக்கு ஆசை வந்தது. அவன் பெண்டாட்டி வரிச்சிக்கு அதைவிட ஆசை. மூச்சு முட்டுகிற இந்தக் கூட்டத்தில் பிள்ளை பெற்று வளர்க்க அவளுக்கு மனசில்லை.

தோல் தைத்துக் கொடுக்கிற வேலை நண்டுக்கு. இரண்டு கத்தரி கையோடு பிறந்தவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பது? கத்தரியண்ணன் என்றுதான் ஓடையில் கூப்பிடுவார்கள். தையல் கூலியாக அவனுக்கு ஆளாளுக்குக் கழற்றிக் கொடுக்கிற செவுள். இலை உதிர்கிற நாளன்று அவன் பாறை இடுக்கில் நிற்க இடமில்லாத கூட்டம்.

"நல்லா இழுத்துத் தை அண்ணே. இடுப்பு தெரியணும்" என்று பச்சையக்கா இறுக்கமாகத் தைத்து வாங்கிக்கொண்டு துள்ளினாள். பச்சையக்காதான் தவளை.

வரிச்சி முறை வந்தது. முதலில் புருஷனை முன்னால் தள்ளினாள்.

"இவருக்கு ரெண்டு விரல் சேர்த்துத் தைங்கண்ணே. கரையில நல்ல சாப்பாடு. ஒரே மாசத்துல பெருத்துடுவாரு. மறுபடி வந்து உங்ககிட்ட நிக்க முடியுமா?"

"ரெண்டு விரல் பெருசாத் தைச்சா தொளதொளன்னு தொங்கும்மா. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கறவங்களா வந்து புதுத்தோல் வாங்கித் தரப் போறாங்க? நீங்க தைங்க."

பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரிதான் அவள் கணக்கு. கத்தரியண்ணன் கையில் இருந்த தோலை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அப்போ உனக்குத் தோல் பத்தாதும்மா."

"எனக்கு அளவாப் போதும். ஒட்டினாப்புல தைங்க."

அப்படித்தான் தைத்தான். மொழுக்கனுக்குத் தோள் தொடங்கித் தொடை வரைக்கும் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பச்சையக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன் மொழுக்கா, உள்ள இன்னும் யாரைக் கூட்டிட்டுப் போகப் போறே?" வரிச்சியும் சிரித்தாள். அவளுடையது உடம்போடு உடம்பாக ஒட்டியிருந்தது.

செவுளைக் கழற்றிக் கொடுத்தார்கள். மூச்சுப்பையை வாங்கி விழுங்கினார்கள். தலையை வெளியே நீட்டி முதல் மூச்சு இழுத்ததும் மொழுக்கனுக்கு நெஞ்சு குளிர்ந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் நாலே எட்டுத்தான் கரைக்கு.

அந்த இடத்தில்தான் வரிச்சி நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வலிக்குது."

"பசியா இருக்கும். கரைக்குப் போயிச் சாப்பிடலாம் வா."

"பசி இல்லீங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். புதுத்தோல் இறுக்கினதோ, அலைச்சலோ, நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கைத்தாங்கலாக அவளைப் பக்கத்தில் கிடந்த ஒரு தட்டைப் பாறையின் அடியில் கொண்டுபோய் விட்டான். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போவதும், மேலே வந்து காற்று இழுப்பதுமாக அவள் பட்ட பாடு பார்க்க முடியவில்லை. கடைசியில் இரண்டு சரமாக முட்டை வந்தது. பாசிமணி கோத்த மாதிரி, ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு மஞ்சள் பொட்டு.

பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கரையில் ஏறினவர்கள் எல்லாம் திரும்பி நின்று பார்த்தார்கள்.

"போட்டுட்டு வாங்க" என்று பச்சையக்கா கத்தினாள். "நாங்க போட்டுட்டு வரலையா? பிழைக்கிறது பிழைக்கும்!"

வரிச்சி நகரவில்லை. முட்டையைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீருக்குள் ஒரு மூச்சுகூட நிற்க முடியவில்லை. உடம்பில் இருந்த சக்தியெல்லாம் அந்த இரண்டு சரத்தோடு போய்விட்டது.

"நான் இருக்கேன். நீங்க போங்க" என்றாள்.

"நீ இருந்தா பொழுது சாயறதுக்குள்ள செத்துப் போவே. நீ ஏறு, நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கும் செவுள் இல்லையே."

"ஏதாவது வழி பண்றேன்."

"வேண்டாங்க. கரை மூடறதுக்குள்ள மனசு கேக்காம நீங்களும் ஏறி வந்துடுவீங்க. பிள்ளைங்க அநாதையாப் போயிடும்."

அந்த வார்த்தை அவனைச் சுட்டுவிட்டது. அவன் அம்மா சொல்லி வளர்த்த புத்தி அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் போனது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னான்:

"என் பிள்ளைங்க கரையேறாம நான் கரையில கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்."

எந்தத் தகப்பனும் சொல்கிற பேச்சுதான். பிள்ளைகளை ஆளாக்க வேண்டும், அவர்கள் ஒரு வழியாகிவிட வேண்டும், அதைத்தான் கரையேற்றுவது என்கிறோம். நம்மில் எத்தனை பேர் ஒரு மகளைக் கரையேற்றிவிட்டேன் என்று மூச்சு விடுகிறார்கள். அவர்கள் என்ன ஆற்றுக்குள்ளா நின்றார்கள்? மொழுக்கனும் அப்படித்தான் சொன்னான். குஞ்சு பொரித்துத் தானாக இரை தேடுகிற வரைக்கும் இருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

"வாங்கிக்கிட்டேன்" என்றாள் ஓடையம்மா.

சத்தம் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பச்சையக்காகூட வாயை மூடிக்கொண்டாள். அலை ஒன்று வந்து வரிச்சியை மட்டும் தூக்கிக் கரையில் வைத்தது. கரை மூடியது.

மொழுக்கன் முதலில் ஓடினது கத்தரியண்ணனிடம்.

"அண்ணே, என் செவுளைக் கொடுங்கண்ணே. தோலைக் கழட்டித் தந்துடறேன்."

"தைச்சாச்சே தம்பி."

"என்னத்தத் தைச்சாச்சு?"

நண்டு தன் ஓட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். வாங்கின செவுளையெல்லாம் ஓட்டுக்குள்ளே வரிசையாக வைத்துத் தைத்திருந்தான். "இனிமே பிரிச்சா நான் செத்துடுவேன். கொடுத்த கூலியைத் திரும்பக் கேக்கலாமா?" நண்டு கழுவும்போது ஓட்டைப் பிரித்தால் இரண்டு பக்கமும் பஞ்சு பஞ்சாக ஒன்று வருமே, சாப்பிடக்கூடாது என்று பிய்த்துப் போடுகிறோமே, அதுதான் அது.

மொழுக்கன் வெறுங்கையோடு பாறைக்குத் திரும்பினான். மேலே போய்க் காற்று இழுத்து வந்தால், மூச்சுப்பை அவனைப் பந்து மாதிரி மேலே தூக்கியது. முட்டைப் பக்கம் போகவே விடவில்லை. காற்றை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் மூச்சு நின்றது. மூன்றாம் தடவை அவன் மேலே போகவில்லை. செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்று முட்டைச் சரத்தைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்துவிட்டான்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. உடம்பு இப்படியும் அப்படியும் துடித்தது. துடிக்கும்போது அந்தத் தொளதொளத் தோல் தண்ணீரில் அலைந்தது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் குளிர்ந்த தண்ணீர் புகுந்து புகுந்து வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஆடுவதை நிறுத்தினான், மூச்சு முட்டியது. ஆடினான், மூச்சு வந்தது.

இரண்டு விரல் சேர்த்துத் தைக்கச் சொன்னாளே, அந்த இரண்டு விரல்தான் மூச்சு கொடுத்தது.

அப்புறம் அவன் நிற்கவே இல்லை. இடமும் வலமுமாக, தூளி ஆட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே கிடந்தான். அவன் ஆட்டத்தில் முட்டைகளுக்கும் புதுத்தண்ணீர் கிடைத்தது. விழுங்கின மூச்சுப்பை உள்ளே சும்மா கிடந்தது.

வரிச்சி தினமும் கரைக்கு வந்து உட்காருவாள்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." ஆகியிருக்காது. பாறையை விட்டுப் போனால்தானே சாப்பாடு.

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

"நான் இறங்கி ஒருதரம் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம் வரிச்சி."

அவள் இறங்கித்தான் பார்த்தாள். ஒட்டினாற்போல் தைத்த தோலுக்கு மடிப்பு எங்கே இருக்கிறது? தண்ணீர் முகத்துக்கு மேல் போனதும் திணறி, நுரை கக்கிக்கொண்டு கரையில் போய் விழுந்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் இறங்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

குளிர் இறங்கியது. ஓரத்தில் தண்ணீர் ஆடை கட்டின பால் மாதிரி உறைந்தது. ஒருநாள் காலையில் சரத்தின் கோடியில் ஒரு முட்டை வெளுத்திருந்தது. மஞ்சள் பொட்டைக் காணோம், மேலே பூஞ்சை. மறுநாள் பக்கத்து முட்டையும் வெளுத்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. இட்லி மாவுப் பானையில் ஒரு ஓரம் பூத்தால் மொத்தமும் போகிற மாதிரி, அது சரம் முழுக்க ஏறிக்கொண்டு வந்தது. வெளுத்ததைப் பிரித்தெடுக்க அவனுக்குக் கத்தரி இல்லை, விரலில் நகம்கூட இல்லை. வாய் ஒன்றுதான் இருந்தது.

மொழுக்கன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான். அந்த இனத்துக்கு இமை கிடையாது. பார்த்துக்கொண்டேதான் தின்றான்.

அன்றைக்கு வரிச்சி வந்து, "பிள்ளைங்க?" என்றாள்.

"நல்லா இருக்காங்க" என்றான்.

இன்னொரு நாள் பாறை வாசலில் கத்தரி தெரிந்தது. ஓடையில் ஆள் குறைந்து கத்தரியண்ணனுக்கு வேலையும் இல்லை, நல்ல தீனியும் இல்லை.

"தம்பி, இத்தனை வெச்சிருக்கியே. ஒரு நாலு கொடுத்தா என்ன? எப்படியும் நீயே திங்கறதாக் கேள்வி."

மொழுக்கன் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வாயை ஒரு பக்கம் மட்டும் திறந்தான். அவ்வளவு பெரிய வாய் என்று அன்றுவரை அவனுக்கே தெரியாது. முதல் தடவை கோபத்தில் தின்றான். அப்புறம் நண்டைத் தவிர அவனுக்கு வேறு சாப்பாடு இறங்கவில்லை.

எழுபது நாள் கழித்துக் குஞ்சு பொரித்தது. கட்டைவிரல் நீளம், கழுத்தில் சிவப்புச் செவுள். மொழுக்கனுக்குத் தன் சின்ன வயசையே திரும்பக் கொடுத்த மாதிரி இருந்தது. கடைசியாக வந்தது ஒரு பெண். எல்லோரிலும் சின்னவள். சுண்டு என்று கூப்பிட்டான்.

பிள்ளைகள் அவன் தோல் மடிப்புக்குள் புகுந்து ஒளிந்து விளையாடும். "அப்பா, உன் சட்டை ஏன்ப்பா இவ்வளவு பெருசு?" என்று சுண்டு கேட்பாள்.

"உங்கம்மா தைக்கச் சொன்னது."

"அம்மா எங்க?"

"கரையில. உங்களுக்காகக் காத்துட்டு இருக்கா."

"நீ ஏன் போகல?"

அவன் பெருமையாகச் சொல்வான், அதுதான் அவன் செய்த இரண்டாவது தப்பு. "உங்கப்பன் சத்தியம் பண்ணியிருக்கேன். என் பிள்ளைங்க கரையேறாம நான் கரையில கால் வைக்க மாட்டேன்னு." இரை ஊட்டும்போது சொன்னான், தூங்க வைக்கும்போது சொன்னான். பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. தண்ணிக்குள்ள பார்த்துப் பேசு என்றும் சொல்லித்தான் வளர்த்தான். ஆனால் பிள்ளைகள் நாம் சொல்லிக் கொடுத்ததை விடுவார்கள், நாம் பேசினதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் ஆனது. இலை உதிர்கிற நாள் வந்தது. தைக்க ஆள் இல்லை, அவனைத்தான் இவன் தின்றுவிட்டானே. நண்டின் இடுக்கில் மிச்சம் கிடந்த தோலையும் மூச்சுப்பைகளையும் மொழுக்கனே எடுத்து வந்தான். அவனுக்குத் தெரிந்த அளவு அவன் உடம்பில் கிடந்த அளவு ஒன்றுதான். பிள்ளைகளுக்கும் தொளதொளவென்றே போட்டுவிட்டான். செவுளைக் கழற்றினார்கள். வரிசையாகக் கரையோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

வரிச்சி விடியற்காலையிலிருந்தே நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். வரிசையை ஒருமுறை பார்த்தாள். கடைசிப் பிள்ளைக்கு அப்புறமும் அவள் கண் இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தேடிவிட்டு வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

மொழுக்கன் தலையைக் குனிந்துகொண்டான். ஆடிக்கொண்டே நின்றான்.

"இருக்கறது போதும். ஏறச் சொல்லுங்க" என்றாள்.

"சுண்டு, நீ முதல்ல ஏறும்மா. அம்மாகிட்டப் போ."

சுண்டு ஒரு காலைத் தூக்கினாள். தூக்கின கால் அப்படியே நிற்கத் திரும்பிப் பார்த்தாள். "நீ?"

"நீங்க ஏறுங்க. பின்னாலேயே வர்றேன்."

"பொய். அம்மாவும் ஏறினா, திரும்பி வரவே இல்ல. நாங்க ஏறினதும் கரை மூடிடும். நீ இங்கேயே கிடப்பே."

"இல்லடா கண்ணு. நீங்க எல்லாரும் ஏறினா நானும் ஏறலாம். சத்தியம் அப்படித்தான். ஏறு, சீக்கிரம்."

வரிச்சி கரையிலிருந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி என் தங்கம். அம்மா இருக்கேன்ல."

அந்தப் பிள்ளை அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறது. அது பிறந்ததிலிருந்து அறிந்தது பாறைக்கடியில் ஆடுகிற இந்த உடம்பு ஒன்றைத்தான். தூக்கின காலைக் கீழே வைத்தது. உதடு பிதுங்கியது. அடுத்து என்ன வரப்போகிறது என்று மொழுக்கனுக்குத் தெரிந்துவிட்டது.

வாயைப் பொத்த ஓடினான். நாலே எட்டுத்தான். இரண்டாவது எட்டில் தொங்கின தோல் முன்காலில் சுற்றிக்கொண்டது. தடுக்கிக் குப்புற விழுந்தான்.

"அப்பா கரையேறாம நான் கரையில கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்" என்றாள் சுண்டு.

ஒரு பிள்ளை சொன்னால் மற்றவை சும்மா இருக்குமா? விளையாட்டில் கத்துகிற மாதிரி எல்லாம் சேர்ந்து கத்தின: "நானும்! நானும்! இது சத்தியம்!"

"ஆத்தா, வாங்காத!" விழுந்த இடத்திலிருந்து மொழுக்கன் அலறினான். "குழந்தைப் பேச்சு ஆத்தா! அதுங்களுக்கு என்ன தெரியும்?"

ஓடை ஒரு நொடி ஓடாமல் நின்றது. மீன்கூட அசையவில்லை.

"குழந்தைப் பேச்சு, பெரியவங்க பேச்சுன்னு எனக்குத் தெரியாதே மொழுக்கா" என்றாள் ஓடையம்மா. அவள் குரல் அப்படி நடுங்கி யாரும் கேட்டதில்லை. "காதுல விழுந்துடுச்சு. வாங்கிக்கிட்டேன்."

பிள்ளைகள் ஏறினால்தான் அப்பா ஏறலாம். அப்பா ஏறினால்தான் பிள்ளைகள் ஏறலாம். மொழுக்கன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தலையால் முட்டிக் கரைக்குத் தள்ளினான். தள்ளத் தள்ள அலை திருப்பிக் கொண்டுவந்து விட்டது. கடைசியில் தானே பாய்ந்தான். அவனையும் கொண்டுவந்து விட்டது. பொழுது சாய்ந்தது. கரை மூடியது.

ஓடையம்மா அதற்கப்புறம் பேசவில்லை. யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. வாங்கி வைத்ததே போதும் என்றிருந்ததோ என்னவோ. அவள் பேச்சு போய்ச் சலசலப்பு மட்டும் மிஞ்சியது. அதனால் கொடுத்த சத்தியத்தைத் திருப்பித் தரவும் ஆள் இல்லாமல் போனது.

வரிச்சி மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டையும் கட்டிப்போனது. காட்டு மண்ணில், ஈர இலைக்கடியில் இருக்கிற அவள் இனத்துக்கு இன்றைக்கும் குரல் கிடையாது. மழை பெய்தால் வெளியே வந்து தண்ணீர் இருக்கிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும்.

ஓடைக்குள்ளே மொழுக்கன் வம்சம் தட்டைப் பாறைக்கடியில் இருக்கிறது. சின்னதில் சிவப்புச் செவுளோடு திரியும். இரண்டு வருஷம் ஆனதும் கரைக்குக் கிளம்புகிற மாதிரி செவுளை உதிர்த்துவிடும். ஆனால் கிளம்பாது. உள்ளே மூச்சுப்பை இருந்தும் தொளதொளத் தோலை ஆட்டி ஆட்டித்தான் மூச்சு விடும். தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் கலங்கினாலும் அந்த மூச்சு நின்றுவிடும். இலை சிவக்கிற மாதத்தில் பெண் வந்து இரண்டு சரம் முட்டை போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி கரையோரம் வரைக்கும் போகும். அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் ஒரு எட்டு வைக்காது.

முட்டையோடு தங்குகிறது அப்பன்தான். அன்று பிடித்த ஆட்டத்தை அவன் இன்னும் விடவில்லை. பிள்ளைகள் எப்போது கரையேறும் என்று பாறைக்கடியில் ஆடிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் ஏறட்டும் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.